வலையும் பீரங்கியும்: மீனவர் ஜோசப் வாட்டின் போர்க்காலக் கடற்படைப் பணி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கமும் களமும்

விருதுநகர் மாவட்டத்துக்கு இன்று கடற்கரை கிடையாது. ஆனால் 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானதிலிருந்து 1985-இல் அது மூன்றாகப் பிரிக்கப்படும்வரை சிவகாசியும் இராமேசுவரமும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மருந்து கலக்கும் தொழிலாளியும், பாக் நீரிணையில் வலை விடும் தொழிலாளியும் முக்கால் நூற்றாண்டு ஒரே ஆட்சியரிடம் மனுக் கொடுத்தவர்கள். இருவர் தொழிலிலும் உயிராபத்து அன்றாட வேலையின் பகுதி. இருவருக்கும் தொழிலறிவு பள்ளியில் வந்ததல்ல, கைப்பழக்கத்தில் வந்தது.

இப்படிப்பட்ட ஒரு தொழிலாளியை அரசு போருக்கு அழைத்தால் என்ன நடக்கிறது? அவனிடம் அரசு எதைக் கேட்கிறது, அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, முழுமையான பதிவுகள் உள்ள ஒரு வாழ்க்கை வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பிறந்து, மீனவராகவே வாழ்ந்து, முதல் உலகப் போரில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையைப் பெற்ற ஜோசப் வாட்டின் வாழ்க்கை அத்தகையது. அதை மையமாக வைத்து, மீனவரைக் கடற்படை எவ்வாறு தன்னுடன் சேர்த்துக்கொண்டது என்பதையும், அந்த அனுபவம் நம் கரைக்கு என்ன சொல்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டுரையின் வாதம் இது: போர் மீனவனிடம் கேட்டது அவனுடைய தொழிலறிவை. அந்த அறிவுக்குத் தரமும் பதிவும் கொடுத்த ஏற்பாடு இருந்ததால்தான் அவன் வரலாற்றில் நிற்கிறான். ஏற்பாடு இல்லாத கரையில் அதே அறிவு பெயரில்லாமல் கரைந்துபோகிறது.

2. ரிசர்வ் படைக்குள் மீனவர் வந்த வழி

2.1 கண்ணிவெடி எழுப்பிய தேவை

பிரிட்டனில் கடற்படை ரிசர்வ் படைக்கான சட்டம் 1859-இல் வந்தது. வணிகக் கப்பல் மாலுமிகளைப் போர்க்காலத்துக்கென்று முன்கூட்டியே பதிந்து வைப்பது அதன் நோக்கம். மீன்பிடிப் படகுகளை அதனுள் ஒரு தனிப் பிரிவாகக் கொண்டுவரும் எண்ணம் பின்னால்தான் பிறந்தது.

அதற்கு உடனடிக் காரணம் ரஷ்ய-ஜப்பானியப் போர். 1904 ஏப்ரலில் ரஷ்யாவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கி, தளபதி மக்காரோவோடு மூழ்கியது. அடுத்த மாதம் ஒரே நாளில் ஜப்பானின் ஹட்சுசே, யாஷிமா என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் கண்ணிவெடிக்கு இரையாயின. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய கப்பலை, கம்பியில் கட்டிக் கடலடியில் நிறுத்திய ஓர் இரும்புக் குண்டு முடித்துவிடும் என்பது எல்லாக் கடற்படைகளுக்கும் அப்போது உறைத்தது.

கண்ணிவெடியை அகற்றும் வேலைக்குப் பெரிய போர்க்கப்பல் உதவாது. கனமான இரும்புக் கம்பியை ஆழம் மாறாமல் மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும் கப்பலும், அதை இழுக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். அப்படிப்பட்ட கப்பலும் ஆட்களும் மீன்பிடித் துறைமுகங்களில் ஏற்கெனவே இருந்தார்கள். இதைக் கண்டு 1907-இல் வலியுறுத்தியவர் அட்மிரல் சார்லஸ் பெரெஸ்ஃபோர்டு. கிரிம்ஸ்பி துறைமுகத்து நீராவி இழுவைமடிப் படகுகளை வைத்துச் சோதனை நடந்தது, அது பலித்தது. 1910-இல் ரிசர்வ் படையில் இழுவைமடிப் பிரிவு தொடங்கப்பட்டது.

வேலையின் முறை நம் கடலோர மக்களுக்கு எளிதில் புரியும். இரட்டைமடி இழுப்பதுபோல இரண்டு படகுகள் இணையாகச் செல்லும்; நடுவில் மடிக்குப் பதிலாக எஃகுக் கம்பி. அந்தக் கம்பி கண்ணிவெடியின் கட்டுக்கம்பியை அறுக்கும். குண்டு மேலே மிதந்து வந்ததும் சுட்டு வெடிக்க வைப்பார்கள் அல்லது மூழ்கடிப்பார்கள். இரண்டு படகும் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில், நீரோட்டத்தின் இழுப்புக்கு ஈடுகொடுத்துப் போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் வலை இழுத்தவன் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

2.2 ஸ்கிப்பர் என்ற தரம்

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம், படகுத் தலைவனுக்குக் கடற்படை கொடுத்த இடம். அவனை வெறும் மாலுமியாகச் சேர்த்து, மேலே வேறொரு அதிகாரியை அமர்த்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ‘ஸ்கிப்பர்’ என்ற பெயரிலேயே ஒரு தரத்தை உருவாக்கி, அவன் ஓட்டிய படகையே அவன் பொறுப்பில் பெரும்பாலும் விட்டது. தூத்துக்குடித் தோணிகளில் தண்டலுக்கு இருந்த இடம் போன்றது இது: கப்பலும் ஆட்களும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை.

இதனால் ஊரிலிருந்து ஒன்றாகக் கிளம்பிய குழு போரிலும் ஒன்றாக இருக்க முடிந்தது. மீன்பிடியில் பழகிய கட்டளை முறை போரிலும் தொடர்ந்தது. அதே நேரத்தில் அந்தக் குழு கடற்படையின் பதிவேட்டில் ஏறியது. சம்பளம், காயத்துக்கு ஈடு, இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம், வீரத்துக்குப் பதக்கம் ஆகிய உரிமைகள் அந்தப் பதிவோடு வந்தன.

3. ஜோசப் வாட்: ஊரும் தொழிலும்

வாட் 1887 ஜூன் 25 அன்று பான்ஃப்ஷயர் பகுதியின் கார்டன்ஸ்டவுன் என்ற மீனவர் ஊரில் பிறந்தார். செங்குத்தான கரையின் அடியில், கடலை ஒட்டி வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர் அது. பின்னர் அருகிலிருந்த பெரிய மீன்பிடித் துறைமுகமான ஃபிரேசர்பரோவுக்குக் குடிபெயர்ந்தார்.

அந்தக் கரையின் வாழ்வாதாரம் ஹெர்ரிங் என்ற மீன். நம் மத்தி, சாளையைப் போலக் கூட்டமாக வரும்; இரவில் மேல்மட்டத்துக்கு ஏறும். அதைப் பிடிக்க மிதவலை விடுவார்கள். மைல் கணக்கில் நீளும் வலை திரைபோலக் கடலில் தொங்கும். படகு அதன் ஒரு முனையைப் பிடித்தபடி நீரோட்டத்தோடு மிதக்கும். இரவு முழுக்கக் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துக்கொண்டு வலை சுருண்டு போகாமல் பார்ப்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். விடியலில் வலையை வாங்கும்போது எல்லோரும் கை கொடுப்பார்கள். வருமானம் பங்கு முறையில் பிரியும்.

வாட்டின் போருக்கு முந்தைய வாழ்க்கையில் இதைத் தாண்டிச் சொல்ல அதிகமில்லை. இதுதான் அவருடைய கல்வி. போர் வந்ததும் ரிசர்வ் படையில் ஸ்கிப்பராகச் சேர்ந்தார். ‘கோவன்லீ’ என்ற மிதவலைப் படகு அவர் பொறுப்புக்கு வந்தது. நூறு டன்னுக்கும் குறைந்த நீராவிப் படகு அது. அதன் தளத்தில் 57 மில்லிமீட்டர் வாய் கொண்ட ஒரு சிறு பீரங்கி பொருத்தப்பட்டது.

4. ஒத்ராந்தோ நீரிணை

4.1 தடுப்பின் அமைப்பு

இத்தாலியின் குதிகாலுக்கும் அல்பேனியாவுக்கும் இடையே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் அகலத்தில் இருக்கிறது ஒத்ராந்தோ நீரிணை. அட்ரியாட்டிக் கடலின் ஒரே வாசல் அது. உள்ளே கட்டாரோ துறைமுகத்திலிருந்து ஜெர்மானிய, ஆஸ்திரிய நீர்மூழ்கிகள் புறப்பட்டு மத்தியதரைக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்து வந்தன. அந்த வாசலை அடைக்க 1915 இறுதியில் பிரிட்டிஷ் மிதவலைப் படகுகள் கொண்டுவரப்பட்டன.

முறை பழையதே, வலைதான் மாறியது. நூல் வலைக்குப் பதிலாக மெல்லிய எஃகு வலை. ஹெர்ரிங் மீனுக்குப் பதிலாக நீர்மூழ்கி. வலை எங்காவது இழுபட்டால் மேலேயுள்ள மிதவை காட்டிக்கொடுக்கும். வலையில் கட்டிய கண்ணிவெடி வெடிக்கவும் செய்யும். 1916 மே மாதம் ஆஸ்திரியாவின் யு-6 என்ற நீர்மூழ்கி இந்த வலையில் சிக்கி அழிந்தது. ஆனால் 70 கிலோமீட்டர் அகலமும் மிகுந்த ஆழமும் கொண்ட நீரிணையை வலையால் முழுமையாக அடைக்க முடியவில்லை. பெரும்பாலான நீர்மூழ்கிகள் தப்பிச் சென்றன. ஆயினும் தடுப்பு அவற்றுக்குத் தொல்லையாக இருந்தது. அதை உடைக்க ஆஸ்திரியக் கடற்படை முடிவு செய்தது.

4.2 1917 மே 15

மே 14 இரவு கேப்டன் மிக்லோஷ் ஹோர்த்தி தலைமையில் நோவாரா, ஹெல்கோலாந்து, சாய்டா ஆகிய மூன்று குரூசர் கப்பல்கள் தெற்கே வந்தன. பிற்காலத்தில் ஹங்கேரியின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த அதே ஹோர்த்திதான் இவர். விடியலுக்கு முன் மூன்றும் பிரிந்து தடுப்பு வரிசையின் மீது பாய்ந்தன. அன்று வரிசையில் 47 படகுகள் இருந்தன.

இரு தரப்புக்கும் இருந்த வித்தியாசத்தை எண்களில் காண்பது நல்லது. நோவாரா 3,500 டன் எடை. 10 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஒன்பது. வேகம் 27 நாட். எதிரே நிற்கும் படகு நூறு டன்னுக்குள். சிறு பீரங்கி ஒன்று. குரூசரின் மூன்றில் ஒரு பங்கு வேகம்தான் அதனால் முடியும். அதோடு வலையைக் கடலில் விட்டிருக்கும் படகு சட்டென்று திரும்பவும் முடியாது.

ஆஸ்திரியர்கள் உடனே கொன்று குவிக்கவில்லை என்பதையும் பதிய வேண்டும். பல இடங்களில் சங்கொலி எழுப்பி, படகைவிட்டு இறங்கும்படி எச்சரித்த பிறகே சுட்டார்கள். பல குழுக்கள் இறங்கின. 14 படகுகள் மூழ்கின, நான்கு சேதமடைந்தன, 72 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

4.3 கோவன்லீயின் தளத்தில்

சுமார் நூறு கஜ தூரத்தில் குரூசர் நின்று வாட்டையும் இறங்கச் சொன்னது. வாட் முழு வேகத்தில் முன்னே செல்லக் கட்டளையிட்டார். ஆட்களை மூன்று முறை ஆரவாரம் செய்யச் சொன்னார். கடைசிவரை போராடுவோம் என்றார். கோவன்லீயின் பீரங்கி ஒரு முறை சுட்டது. அடுத்த கணம் எதிரியின் குண்டு அதன் பின்பூட்டை உடைத்தது. பீரங்கிக்காரர்கள் அகலவில்லை. குண்டுமழைக்கு நடுவே அதை மீண்டும் இயக்கப் பார்த்தார்கள்.

அவர்களில் ஃபிரெடரிக் லாம்ப் என்ற மேல்தள மாலுமியின் அருகில் இருந்த குண்டுப் பெட்டி எதிரியின் குண்டு பட்டு வெடித்தது. அவர் கால் முறிந்தது. அந்தக் காலோடும் பீரங்கியை விட்டுப் போகாமல் வேலையைத் தொடர்ந்தார். பின்னர் அவருக்கும் உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

சிவகாசிப் பகுதி வாசகருக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை. அடைத்து வைத்த மருந்து அருகில் வெடித்தால் மனித உடம்பு என்னாகும் என்பது இங்கே ஊர் ஊராகத் தெரியும். உராய்வுக்கும் வெயிலுக்கும் பயந்து மருந்தைத் தனி அறையில் சிறிது சிறிதாக வைத்துக் கையாளும் தொழில் ஒழுங்கு இங்கே இருப்பதே அந்த அனுபவத்தால்தான். மீன்பிடிப் படகின் தளத்தில் அந்த ஒழுங்குக்கு இடமில்லை. குண்டுப் பெட்டியும், கொதிகலனும், ஆட்களும் சில அடி இடைவெளியில் இருந்தார்கள். மீன் பிடிக்கக் கட்டிய படகு ஒரே பருவத்தில் போர்க்கப்பலானதன் விலை அது.

4.4 ஃப்ளோவாண்டி

அந்தக் குரூசர் கோவன்லீயைக் கடந்து சென்றது. படகு சேதப்பட்டிருந்தாலும் மிதந்தது. வாட்டுக்குத் துறைமுகம் திரும்ப எல்லா நியாயமும் இருந்தது. அவர் அருகில் கடுமையாக அடிபட்டுக் கிடந்த ஃப்ளோவாண்டி என்ற படகின் பக்கம் தன் படகைக் கொண்டுபோனார். இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் அதிலிருந்து இறக்க உதவினார்.

ஃப்ளோவாண்டியின் கம்பியில்லாத் தந்தி அறையில் டக்ளஸ் ஹாரிஸ் என்பவர் பணியில் இருந்தார். தாக்குதல் நடக்கும்போதே செய்தி அனுப்பிக்கொண்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டும் இருந்த நிலையில் குண்டுச் சிதறல் பட்டு உயிரிழந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த பதிவேட்டிலும் அந்தச் சிதறல் துளைத்த தடம் இருந்தது.

அன்று பகலில் ஹோர்த்தியின் கப்பல்களை நேசநாட்டுக் கப்பல்கள் துரத்தின. பெரும் சண்டையில் ஹோர்த்தி காயமுற்றார், நோவாரா செயலிழந்தது. ஆனாலும் மூன்று குரூசர்களும் தப்பித் தம் துறைமுகம் சேர்ந்தன. பிரிட்டனின் டார்ட்மத் குரூசர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் அடிபட்டது. பிரான்சின் பூட்ஃபூ என்ற நாசகாரி கண்ணிவெடியில் மூழ்கியது. அதன்பின் மிதவலைப் படகுகள் இரவில் நீரிணையில் நிற்பது நிறுத்தப்பட்டது.

5. செயலை மதிப்பிடுதல்

5.1 படைப் பயன்

படைக் கணக்கில் மட்டும் பார்த்தால் கோவன்லீயின் ஒரு குண்டு போரின் போக்கை மாற்றவில்லை. தடுப்பு வரிசை உடைந்தது. அன்றைய நாள் ஆஸ்திரியாவுக்கே வெற்றி. இதை மறைத்து எழுதும் வீரப் புகழுரை மீனவருக்கே அநீதி. ஏனெனில் இரவில் பாதுகாப்புக் கப்பல் போதிய அளவு இல்லாமல் அவர்களை வலையோடு நிறுத்தியது மேலிடத்தின் முடிவு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

5.2 இறங்கியவர்கள்

சங்கொலி கேட்டு இறங்கியவர்களைக் கோழைகள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கவசமில்லாத படகில், பயனில்லாத பீரங்கியோடு, வீட்டில் மனைவி மக்கள் உள்ளவர்கள் அவர்கள். தன் ஆட்களின் உயிருக்குப் பொறுப்பான ஸ்கிப்பர் இறங்கச் சொன்னால் அதுவும் பொறுப்பான முடிவே. வாட்டின் துணிவைப் போற்ற மற்றவர்களைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை.

5.3 தொழிலறம்

அப்படியானால் வாட்டின் செயலில் நிலைத்து நிற்பது எது? 1917 ஆகஸ்ட் 29 அரசிதழில் வெளிவந்த பதக்க அறிவிப்பு இரண்டு செயல்களைச் சொல்கிறது: ஒன்று குரூசரை எதிர்த்தது, மற்றது ஃப்ளோவாண்டிக்கு உதவியது. நம் பார்வையில் இரண்டாவதே அவரை முழுமையாகக் காட்டுகிறது. முதலாவது போர்வீரனின் செயல். இரண்டாவது எந்தக் கரையிலும் மீனவன் செய்வது: பக்கத்துப் படகு அடிபட்டால் தன் வலையை அறுத்துவிட்டாவது அங்கே போக வேண்டும் என்பது. இராமேசுவரத்திலோ மூக்கையூரிலோ படகு கவிழ்ந்தால் அரசுக் கப்பல் வருமுன் போய்ச் சேருவது இன்னொரு நாட்டுப் படகுதான். கடற்படை வாட்டுக்குப் பீரங்கியைக் கொடுத்தது. இந்த அறத்தை அவர் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

5.4 தனி ஒருவர் அல்ல

வாட்டின் கதை விதிவிலக்கும் அல்ல. அதே 1917 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டைச் சேர்ந்த ஸ்கிப்பர் டாம் கிரிஸ்ப், தன் மகனும் உடனிருந்த ‘நெல்சன்’ என்ற பாய்மர மீன்பிடிப் படகில் ஜெர்மானிய நீர்மூழ்கியோடு மோதி இறந்தார். படகிலிருந்து பறக்கவிட்ட புறா உதவி கேட்டுச் செய்தி கொண்டுபோனது. அவருக்கு இறந்தபின் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் லோஸ்டாஃப்டின் ஒரு பூங்காவையே தலைமையகமாக்கி மீனவர் ரோந்துப் படை இயங்கியது. கடலே கல்லறையாகிப்போன அதன் வீரர்கள் 2,385 பேரின் பெயர்கள் 1953-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

6. போருக்குப் பின்

போர் முடிந்ததும் வாட் ஃபிரேசர்பரோவுக்குத் திரும்பி மீண்டும் மீன் பிடித்தார். பிரான்சும் இத்தாலியும்கூட அவரைக் கௌரவித்திருந்தன. ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேசவே அவர் விரும்பவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஐம்பதைத் தாண்டிய வயதில் மீண்டும் மிதவலைப் படகில் சொந்தக் கரையோரம் பணியாற்றினார். 1955 பிப்ரவரி 13 அன்று ஃபிரேசர்பரோவில் காலமானார்.

பேச விரும்பாத அந்த மனிதரைப் பற்றி இன்று நாம் இவ்வளவு எழுத முடிவது பதிவினால்தான். அவர் பெயர், படகின் பெயர், நாள், தூரம், உடனிருந்தவரின் கால் முறிந்தது வரை கடற்படையின் ஏட்டில் ஏறியிருக்கிறது. அவர் ரிசர்வ் படையில் தரம் பெற்ற ஸ்கிப்பராக இல்லாமல், படகோடு வாடகைக்கு அமர்த்தப்பட்டவராக மட்டும் இருந்திருந்தால் இந்த ஏடு இருந்திருக்காது.

7. ஒப்பீடு: நம் கரை

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியதும், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடாவைத் தாக்கியதும் வங்கக் கரைக்குப் போரைக் கொண்டுவந்தன. 1939-இல் இரண்டாயிரம் பேரைக்கூட எட்டாத ராயல் இந்தியக் கடற்படை 1945-க்குள் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. இழுவைமடிப் படகின் வடிவில் கட்டிய சிறு போர்க்கப்பல்களுக்கு மதுரா, திருவிதாங்கூர் என்றெல்லாம் நம் ஊர்ப் பெயர்கள் சூட்டப்பட்டன. ‘பெங்கால்’ என்ற சிறு கண்ணிவெடி அகற்றும் கப்பல் 1942 நவம்பர் 11 அன்று தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றது. அவற்றில் ஒன்று மூழ்கியது.

ஆனால் அந்தக் கடற்படையின் ரிசர்வ் பிரிவுகள் வணிகக் கப்பல் அதிகாரிகளையும் படித்த தன்னார்வலர்களையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. கரையிலிருந்த மீனவனுக்கு, அவன் படகோடும் குழுவோடும் சேர்வதற்கு, ஸ்கிப்பர் போன்ற ஒரு தரம் அதில் இல்லை. மதுரா என்ற பெயர் கப்பலுக்கு ஏறியது; அந்தக் கரையின் சம்மாட்டியும் தண்டலும் ஏட்டில் ஏறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்த உறவு பெரிதாக மாறவில்லை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியபோது, அதிலிருந்து மிதந்து வந்த உயிர்காப்பு மேலங்கியைக் கண்டெடுத்துக் கொடுத்தவர்கள் மீனவர்கள். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கைப்பற்றியது குபேர் என்ற மீன்பிடிப் படகை. அதன் மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994 முதல் இயங்குகிறது. மீனவ இளைஞர்கள் ஊர்க்காவல் படை வழியாக அதில் பணியாற்றுகிறார்கள். சந்தேகப் படகைக் கண்டால் தகவல் சொல்லும்படி மீனவர்களிடம் ஒவ்வொரு பாதுகாப்பு ஒத்திகையிலும் கேட்கப்படுகிறது. கடமை கேட்கப்படுகிறது, அதற்கு ஈடான தரம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

8. முடிவுகள்

முதலாவது, போர்க்காலக் கடற்படைக்கு மீனவன் கொடுத்தது உடல் உழைப்பை மட்டும் அல்ல. கம்பி இழுப்பதும் வலை தொங்கவிடுவதும் நீரோட்டம் கணிப்பதும் அவனிடமே இருந்த, வேறெங்கும் வாங்க முடியாத அறிவு.

இரண்டாவது, அந்த அறிவு பயன்பட்டது அவனுடைய குழுவையும் தலைமையையும் கலைக்காமல் சேர்த்துக்கொண்டதால்தான். ஸ்கிப்பர் என்ற தரம் அதைச் சாத்தியமாக்கியது.

மூன்றாவது, தரம் கொடுத்த அரசு பாதுகாப்பும் கொடுத்ததா என்று ஒத்ராந்தோவில் கேட்டால் இல்லை என்பதே விடை. மீனவரைப் பாதுகாப்புப் பணியில் சேர்க்கும் எந்த அரசும் இந்தத் தவற்றைத் திரும்பச் செய்யக் கூடாது.

நான்காவது, நம் கடலோர மாவட்டங்களில் இன்றைய மீனவர் செய்யும் கண்காணிப்புப் பணியும் மீட்புப் பணியும் பெயர், நாள், படகு, இடம் என்று முறையாகப் பதியப்பட வேண்டும். அனுபவமிக்க படகோட்டிகளுக்கு அவர்கள் தொழிலறிவை மதிக்கும் ஒரு துணைப்படைத் தரமும், அதற்கான ஊதியமும், காயத்துக்கும் மரணத்துக்கும் சட்டப்படியான ஈடும் வேண்டும். முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் நினைவில் உள்ள மீட்புகளை மாவட்ட ஆவணக் காப்பகம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

விருதுநகரில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. மருந்து அறையில் விபத்து நேர்ந்தால் தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததா என்பதைப் பொறுத்தே குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்த மண் இது. பெயர் பதிவதுதான் உழைப்பவனுக்கு அரசு செய்யும் முதல் மரியாதை. ஜோசப் வாட்டுக்கு அது கிடைத்தது. நம் கரை மீனவருக்கும் அது கிடைக்க வேண்டும்.